உப்பில்லாத இரண்டு மணி நேரம்

எங்கள் சிப்ஸ் கம்பெனியில் ஆபீஸ்காரர்களை விட்டுவிட்டால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் ஒருவர்தான். அவர் என் அண்ணி. மற்ற எல்லோரும் நிற்கிறோம். லாரியிலிருந்து உருளைக்கிழங்கு கொட்டும் இடத்தில் நிற்கிறார்கள். தோல் சீவிய கிழங்கில் கண் தோண்டும் இடத்தில் ஈரத்தில் நிற்கிறார்கள். எண்ணெய்த் தொட்டிப் பக்கம் வெந்துகொண்டே நிற்கிறார்கள். நான் பாக்கெட் போடும் மெஷினில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். காற்றை அடைத்து, போனால் போகிறதென்று கொஞ்சம் சிப்ஸும் போட்டு ஒட்டுகிற மெஷின் அது.

அண்ணிக்கு வேலை ருசி பார்ப்பது. சொன்னால் எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறும். "தின்னுட்டே சம்பளம் வாங்கறியா?" என்று சொந்தக்காரர்கள் வயிறெரிவார்கள். உண்மையில் ஒரு துண்டைக்கூட அண்ணி விழுங்கியதில்லை. வறுத்த சிப்ஸ் பெரிய டிரம்மில் உருளும், மேலிருந்து உப்போ மசாலாத் தூளோ கொட்டும். அங்கிருந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு கிண்ணம் அவர் மேஜைக்கு வரும். இரண்டு துண்டை மென்று, மக்கில் துப்பி, வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளித்து, தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். சரியில்லை என்றால் பெல்லை அடிப்பார், மொத்த லைனும் நிற்கும். இதற்காக அவர் காலையில் காபி குடிக்க மாட்டார், பவுடர் போட மாட்டார், வேலை நாளில் வெங்காயம் பக்கம் போக மாட்டார். கம்பெனியில் அவருக்கு 'நாக்கக்கா' என்றுதான் பெயர். நிஜப் பெயர் சம்பளத் தாளில் மட்டும் இருக்கும்.

அந்த நாற்காலி சும்மா கிடைத்ததல்ல. ஒன்பது வருஷம் கிழங்குத் தண்ணீரில் நின்று அண்ணியின் இரண்டு முழங்காலும் போய்விட்டன. அந்தச் சமயத்தில் ருசி பார்க்க ஆள் எடுத்தார்கள். ஒருவருக்கு மூன்று கிண்ணம் வைப்பார்கள், இரண்டில் ஒரே அளவு உப்பு, ஒன்றில் மட்டும் துளி குறைவு. எது என்று சொல்ல வேண்டும். நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன், மூன்றும் எனக்குச் சிப்ஸாகவே இருந்தன. அண்ணி பன்னிரண்டு தடவையும் தப்பில்லாமல் சொன்னார். பத்து வருஷமாக அவர்தான் அந்த இடத்தில். அது போனால் மறுபடி கிழங்குத் தண்ணீர், இல்லையென்றால் வீடு. அண்ணன் வேன் ஓட்டிக் கொண்டுவருவது வாடகைக்கும் அவர்கள் மகள் படிப்புக்கும் இழுபறி. இவர் முழங்கால் தண்ணீரில் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால்தான் அடுத்து நடந்ததை நாங்கள் இரண்டு பேரும் வெளியே விடவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் அண்ணிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் போனது, போகும்போது நாக்கையும் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் ஒரே வீட்டில், அவர்கள் கீழே, நான் மாடியில். ஒருநாள் கீழே சாப்பிட உட்கார்ந்தேன். முதல் வாய் வைத்ததும் தலை சுற்றியது, அவ்வளவு உப்பு. அண்ணன் ஒரு வாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீராக, வாயைத் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எத்தனை நாளாக அப்படிச் சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி அடுப்பைப் பார்த்தார்.

"ருசி திரும்பி வந்துரும்னு டாக்டர் சொல்றாரு. அதுவரைக்கும் வாயை மூடிட்டு இரு," என்றார்.

இருந்தேன். சும்மா இருக்கவில்லை, கூட்டுக் களவாணியாகவும் இருந்தேன். தக்காளி சிப்ஸ் ஓடும் நாளில் கவலையே இல்லை, விரலில் ஒட்டும் சிவப்பைப் பார்த்தே அண்ணி அளவு சொல்லிவிடுவார். மிளகாய் ஓடினால், ருசி தெரியாவிட்டாலும் எரிச்சல் தெரியும். வெங்காயமும் சீஸும் தூளாகக் கையில் படியும். கோழியே படாத கோழி சிப்ஸ் ஒன்று இருக்கிறதே, அதற்கு மஞ்சள் நிறம். வம்பு பிடித்தது வெறும் உப்புதான். நிறமில்லை, எரிச்சலில்லை, ஆனால் கடையில் அதிகம் விற்பது அதுதான். சரம் சரமாகத் தொங்கவிட்டால் சாயங்காலத்துக்குள் காலி. உப்பு ஓடும் நாளில் அண்ணி துண்டை விரலுக்கிடையில் தேய்த்து, பரல் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார். நான் மெஷின் ஓரத்தில் ஒரு துண்டை யாருக்கும் தெரியாமல் வாயில் போட்டுப் பார்ப்பேன். சரியாக இருந்தால் தொப்பியை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொள்வேன். அண்ணி அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். இப்படியே ஏழு மாதம் ஓட்டினோம். திருட்டுப் பிழைப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பாக்கெட்கூடத் தப்பாகப் போகவில்லை.

ஒரு மழை நாளில் சுத்தம் பார்க்கிற அதிகாரிகள் திடீரென்று வந்து இறங்கினார்கள். அன்றைக்கு என்று பார்த்து வெறும் உப்பு ஓடுகிறது. சூப்பர்வைசர் ஓடி ஓடி எல்லோர் கையிலும் உறை மாட்டினார், அண்ணி கையிலும். ஒரு அதிகாரி என் மெஷினுக்குப் பின்னால் நோட்டும் கையுமாக நின்றுகொண்டார். வாயில் ஈ புகுந்தால்கூட எழுதிக்கொள்கிற முகம். நான் எங்கே சிப்ஸை வாயில் போடுவது? தொப்பியைத் தொடாமல் அண்ணியைப் பார்த்தேன். உறை போட்ட விரலில் துண்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். டிரம்முக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் உப்பு விழுகிறது என்று அர்த்தம். அண்ணி கையெழுத்துப் போட்டார். இருபது நிமிஷம் கழித்து மறுபடி போட்டார், அதற்கப்புறமும் போட்டார்.

ஷிப்ட் முடியும்போது உடைசல் சிப்ஸை ஆளுக்கொரு பை கொடுப்பார்கள். எனக்கு அதைக் கண்டாலே குமட்டும், அண்ணன் மகளுக்காக வாங்கிப் போவேன். அன்றைக்கு அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தாள்.

"அத்தை, இதுல உப்பே இல்ல."

"உனக்கு எதுல திருப்தி?"

"நிஜமா. தின்னு பாருங்க."

தின்று பார்த்தேன். எண்ணெயும் கிழங்கும்தான், உப்பு மருந்துக்குக்கூட இல்லை. மழை ஈரத்தில் உப்பு கட்டி தட்டி வழியை அடைத்திருக்கிறது. மோட்டார் மட்டும் சுற்றியிருக்கிறது, விளக்கு மட்டும் எரிந்திருக்கிறது. அண்ணி வந்து பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மென்றார். மகள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"இது எத்தனை மணிக்கு ஓடினது?"

பையில் ஒட்டியிருந்த சீட்டை நான்தான் படித்தேன். இரண்டிலிருந்து நாலு வரை. அந்த இரண்டு மணி நேரத்தில் என் மெஷின் பத்தாயிரம் பாக்கெட்டுக்குக் குறையாமல் போட்டிருக்கும். லாரி சாயங்காலமே கிளம்பிவிட்டது.

"காலையில போய்ச் சொல்லிடறேன்," என்றார் அண்ணி.

"சொல்லி? நாளன்னிக்கே கிழங்குத் தண்ணியில நிப்பீங்க. முழங்காலை என்ன பண்றதா உத்தேசம்? பேசாம இருங்க அண்ணி. புகார் வந்தா அப்ப பாத்துக்கலாம்."

அவர் பேசாமல் இருந்தது என்னால்தான்.

ஒவ்வொரு பாக்கெட்டின் பின்னாலும் புகார் சொல்ல ஒரு போன் நம்பர் இருக்கும். அந்த போனை எடுக்கிற பெண் எனக்குப் பழக்கம். தினமும் டீ வேளையில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி அவளிடம் போய் நிற்பேன்.

"இன்னைக்கு என்ன புகார்?"

"வழக்கம்தான். பாக்கெட்ல காத்துதான் இருக்குன்னு ஆறு பேரு. கருகின துண்டு ஒண்ணு கெடந்துச்சாம், அதுக்கு ஒருத்தர் கால் மணி நேரம் கத்தினாரு."

"வேற? ருசி கிசின்னு?"

"ருசிக்கு யாரு போன் பண்றா?"

ஒரு வாரம் போனது. இரண்டு, மூன்று வாரம் போனது. அண்ணிக்குத் தூக்கமில்லை, போன் மணி அடித்தாலே உடம்பு தூக்கிப் போட்டது. நான்காவது வாரம் அந்தச் சரக்கு முழுக்க விற்றுப் போய், வழக்கம்போல அடுத்த ஆர்டரும் வந்துவிட்டது. உப்பைப் பற்றி ஒரு போன் இல்லை, ஒரு கடிதம் இல்லை. தப்பித்தோம் என்று எனக்கு ஆட்டமே வந்தது. அண்ணியின் மேஜைக்குப் போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. "ஒருத்தர்கூடவா?" என்று கேட்டார். ஒருத்தர்கூட இல்லை என்றேன். "பத்தாயிரம் பாக்கெட்ல ஒருத்தர்கூடவா?" என்று மறுபடி கேட்டார். அப்புறம் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நேராக மேனேஜர் அறைக்கு நடந்தார். தடுக்கப் பின்னாலேயே ஓடினேன், அதற்குள் கதவைத் தட்டிவிட்டார்.

மேனேஜர் நல்ல மனிதர்தான், எந்நேரமும் தூக்கம் போதாத முகம். அண்ணி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல், நாக்கு, உறை, இரண்டு மணி நேரம், கையெழுத்து எல்லாம். என் தொப்பியை மட்டும் சொல்லவில்லை. மேனேஜர் கம்ப்யூட்டரில் ஏதோ தேடினார்.

"புகார் ஒண்ணும் வரலையேம்மா."

"வரல சார். ஆனா உப்பு இல்ல."

"சரி, விடுங்க. அடுத்த மாசம் உப்பு அளக்கற மெஷின் வருது. எவ்வளவுன்னு நம்பரே காட்டிடும்."

"அப்ப நான் கிளம்பட்டுமா சார்?"

"எங்க கிளம்பறீங்க? தாள்ல ஒரு ஆள் கையெழுத்து இருந்தே ஆகணும், அது ரூல். நீங்க பாட்டுக்கு உக்காந்து போடுங்க."

"நாக்கு செத்துப்போச்சு சார் எனக்கு."

"அதான் மெஷின் வருதேம்மா," என்று சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தார்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டமில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலி பிழைத்தது, முழங்கால் பிழைத்தது, இனி தொப்பியை இழுக்கிற வேலையும் இல்லை. அண்ணி மட்டும் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது.

"வேலை போகலையே அண்ணி. அப்புறம் எதுக்கு அழறீங்க?"

"வெளிய போன்னு சொல்லியிருக்கலாம்," என்றார். "சொல்லியிருந்தா, பத்து வருஷமா நான் பாத்ததும் ஒரு வேலைன்னு ஆகியிருக்கும்."

  பஸ் வந்தது, அண்ணியை முதலில் ஏற்றிவிட்டு நான் ஏறினேன். மறுநாள் காலை ஷிப்டில் அவர் மேஜைக்கு வெறும் உப்புக் கிண்ணம் வந்தது. அதைத் தொடாமலே கையெழுத்துப் போட்டார்.