திருப்பூரில் சாயத்தண்ணி

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் ஒரு கண்காட்சி. எங்கள் ஸ்டால் முன்னால் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்து நின்றார். அடுக்கி வைத்திருந்த தேயிலைப் பாக்கெட்டுகளில் ஒன்றை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, எங்கூர்ல இது ஆத்துலயே ஓடுதுங்க. அதையப் போயி பாக்கெட்டுல அடைச்சு விக்கறீங்களாக்கும்?"

பக்கத்து ஸ்டால் பனியன்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பெரியவர் பாக்கெட்டை இரண்டு விரலால் பிடித்துக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

பாக்கெட்டின் மேல் கொட்டை எழுத்தில் இருந்த பெயர் — சாயத்தண்ணி.

இருங்கள், நீங்களும் சிரிக்காதீர்கள். முதலில் செல்வராணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

செல்வராணி நீலகிரிப் பந்தலூர்க்காரி. அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இவள் பிறந்தது இங்கேதான்... பேச்சு மட்டும் இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை. (என்னை 'அண்ணே' என்று கூப்பிட்டே தங்கையாகிவிட்டாள். அந்த உரிமையில்தான் 'அவள்' என்று எழுதுகிறேன்.) நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு பேய்மழைக்கு அவள் வீட்டு வாசலில் ஒதுங்கினேன். "உள்ள வாங்கண்ணே, தேத்தண்ணி ஊத்தித் தாரேன்" என்றாள். டீ 'போடுவது' அந்த வீட்டில் கிடையாது. ஊற்றுவதுதான்!

அங்கே சாயம் என்றால் டிக்காஷன். பால் சேர்க்காமல் அதை மட்டும் குடித்தால் சாயத்தண்ணி. அதில் சீனியும் போடமாட்டார்கள். இடது உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கடி, ஒரு மடக்கு. மறுபடி ஒரு கடி, ஒரு மடக்கு.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? இரண்டு கையும் மாட்டிக்கொண்டதல்லவா! போனை எடுக்க முடியாது. பேப்பர் புரட்ட முடியாது. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வாசலில் மழை நின்று, மூடுபனி படியேறி உள்ளே வந்து, எதிர் வீட்டுக் கூரையை மெதுவாக அழித்துக்கொண்டிருந்தது. தம்ளரில் செம்பொன் நிறம். நான் என்ன யோசித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எத்தனை நேரம் போனது என்றும் தெரியாது.

செல்வராணியும் பனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அண்ணே, இதை அப்படியே ஒரு பாக்கெட்டுல வச்சு விக்க முடியாதா?" என்றாள்.

"எதை? தேத்தண்ணியையா?"

"இல்லண்ணே... இந்தச் சும்மா ஒக்காந்திருக்கறத."

புதுப் பொருள் கண்டுபிடிப்பது எப்படி என்று கோட்டு சூட்டு போட்டவர்கள் பேசிய கூட்டங்களுக்கு நிறையப் போயிருக்கிறேன். பாதியில் தூங்கியும் இருக்கிறேன். இப்படி ஒரு யோசனையை எந்த மேடையிலும் கேட்டதில்லை.

கனவு காண்பது சுலபம். பாக்கெட்டில் அடைப்பதுதான் பாடு. பாலுக்கென்றே செய்கிற குருணைத் தூள் இதற்கு ஆகாது; இலை நீளமாகச் சுருள வேண்டும். எஸ்டேட் ஃபேக்டரியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டாள். அக்கம்பக்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்டு, ஒரு கடிக்கு ஒன்றாகக் கருப்பட்டி வில்லை செய்தார்கள். பந்தலூர் மழைக்கு அந்த வில்லை சும்மா இருக்குமா? மூன்றே நாளில் வேர்த்துக் கசிந்து, பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வருஷம் அதோடு மல்லுக்கட்டினாள்! கடைசியில், இலை சுருட்டப் போன வேறொரு ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் அறைச் சூட்டில் வில்லைத் தட்டுகளை ஓர் இரவு வைத்து எடுத்தாள். வேர்வை நின்றது.

அது ஒரு சின்ன ஃபேக்டரி. அதன் முதலாளி வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, மெஷினை இவர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். ஒரே கண்டிஷன். முதல் சரக்கு முழுவதும் திருப்பூர்க் கண்காட்சியில் விற்றாக வேண்டும். விற்காவிட்டால் செவ்வாய்க்கிழமை வேறு ஆளுக்கு.

லேபிள் அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பினாள். "தப்பு இருந்தா சொல்லுங்கண்ணே." நான் சும்மா விடுவேனா? எழுதிப் பிழைப்பவனாயிற்றே! 'சாயதண்ணி' என்று இருந்தது. நடுவில் ஒரு 'த்' சேர்த்து, ஒற்றின் அவசியம் பற்றிப் பத்து நிமிஷம் பிரசங்கமும் செய்தேன். நாலு வருஷமாக அவள் வீட்டில் குடித்துக் குடித்து, அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

திருப்பூரில் சாயத்தண்ணி என்றால் சாயப்பட்டறைக் கழிவு. அந்த ஊரே வருஷக்கணக்காகச் சண்டை போட்ட விஷயம். போதாக்குறைக்கு எங்கள் நீலகிரியில் சாயத்தூள் என்றால் சாயம் ஏற்றிய கலப்படத் தேயிலை. இரண்டு ஊர்ப் பாவத்தையும் ஒரே லேபிளில் சேர்த்து அச்சடித்திருந்தோம். ஒற்றுப்பிழை இல்லாமல்!

மதியம் வரை ஒரே ஒரு பாக்கெட் போனது. அதுவும் பனியன்காரர் பாவப்பட்டு வாங்கியது. வந்தவர்களெல்லாம் படித்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். ஒரு பெண் தன் குழந்தையின் கையைத் தட்டி, "அதையத் தொடாத கண்ணு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. செல்வராணியின் முகத்தைப் பார்க்கவே தைரியமில்லை.

"ஆறு பேரும் போன் பண்ணிட்டே இருக்காங்கண்ணே. என்னான்னு சொல்றது?" போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பேரை மாத்திடலாம்மா. மேல ஸ்டிக்கர் ஒட்டிடலாம்."

"பேரை மாத்திட்டா நான் இதை என்னான்னு சொல்லிண்ணே ஊத்துவேன்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மேல் வரவேண்டிய கோபம்தான். அவள் மேல் வந்தது. "அப்ப நீயே பாத்துக்க. நான் சாப்பிட்டு வரேன்" என்று கிளம்பினேன். நேரே ஒரு பிரிண்டிங் கடைக்குப் போனேன். 'மிஸ்ட் கோல்டு'... எப்படி? எனக்கே ஜில்லென்று இருந்தது. மெஷினிலிருந்து ஸ்டிக்கர் சுருள் சுருளாக வர, நான் நின்றபடியே கனவு கண்டேன். ஏர்போர்ட்டில் மிஸ்ட் கோல்டு, கப்பலில் மிஸ்ட் கோல்டு, பெயர் வைத்த மகானுக்கு ஒரு சால்வை... கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டு என்னைத் தரையிறக்கினார்.

சுருளைப் பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பினால் — ஸ்டால் முன்னால் கூட்டம்!

செல்வராணி பேசுவதை நிறுத்திவிட்டு ஊற்ற ஆரம்பித்திருந்தாள். அவ்வளவுதான் நடந்தது. தம்ளர் வலது கைக்கு, வில்லை இடது உள்ளங்கைக்கு. கவிழ்த்துப் போட்ட அட்டைப்பெட்டி மேல் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். நகக்கண் எல்லாம் நீலம். சாயப்பட்டறை மாஸ்டராம். தம்ளரைக் கொட்டகை விளிம்பில் விழுந்த வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசமா கலர் சேக்கறனுங்க. இந்த ஷேடு எனக்கு வந்ததில்லீங்க" என்றார். "என்ன போட்டீங்க இதுல?"

"வெந்நி மட்டுந்தாங்க."

மாஸ்டர் நம்பவில்லை. தொழில் புத்தி! பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் நனைத்து விரித்தார். ஒரு சிட்டிகை இலையைத் தூவினார். செல்வராணி ஊற்றுவதை நிறுத்தி எட்டிப் பார்த்தாள். நானும்தான்.

"சாயம் போட்ட தூளுன்னா இந்நேரத்துக்குப் பொட்டுப் பொட்டா எறங்கியிருக்கோணும்." அவர் இலையைத் தட்டிவிட்டுக் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டினார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. "சாயம் போடாத சாயத்தண்ணி. இதைய அந்தப் பேருக்குக் கீழ எழுதிப் போடுங்க, அம்மிணி."

அட்டையில் எழுதி ஸ்டால் முன்னால் தொங்கவிட்டோம். சிரிக்க வந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் குடித்தார்கள். மாஸ்டர் போன் போட்டு அவர் பட்டறை ஆட்களையும் வரவழைத்தார். பெட்டி மேல், படி மேல், தரையில் — இரண்டு கையும் மாட்டிக்கொண்ட ஒரு பத்துப் பேர், ஞாயிற்றுக்கிழமைத் திருப்பூர் இரைச்சலுக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அங்கே பந்தலூர்ப் பனி படியேறி வந்தது. செல்வராணி கூஜாவைப் பிடித்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது. எனக்கும்.

சாயங்காலம் மேஜை காலி. முதலாளிக்குப் போன் செய்தாள். செவ்வாய்க்கிழமை அவளுடையதுதான்.

மூட்டை கட்டும்போது, என் பையை நகர்த்தப் போனவள் கையில் ஸ்டிக்கர் சுருள் மாட்டியது. விரித்துப் படித்தாள். "மிஸ்ட் கோல்டு... இது யாருதுண்ணே?"

"அது... பக்கத்து ஸ்டால்காரரோடது."

பனியன்காரர் எட்டிப் பார்த்தார். "எங்க பனியனுக்கு எதுக்குங்க மிஸ்ட் கோல்டு?"

அத்தனை பேர் சோதித்துப் பார்த்தும், அன்று திருப்பூரில் வெளுத்த சாயம் ஒன்றே ஒன்றுதான் — என்னுடையது!