அடி அண்ணாமலைத் தேனும் என் தாய்மாமன் உரிமையும்

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலைக்குப் போனேன். சாமி கும்பிடத்தான் போனேன் என்றால் அது பொய். ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கும் என் தங்கை கவிதாவின் மூன்று மாதக் குழந்தைக்கு அன்று தொட்டில் விழா. தாய்மாமன் குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். தொட்டு வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அந்த உரிமையை யாருக்கும் விடுவதாக இல்லை நான். எனக்கும் ஒரு வாரமாக இருமல். அசல் தேனாகவே வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன்.

வேலூரில் காலை 6.15க்குப் பேருந்து. எண்பது கிலோமீட்டர் சொச்சம். 8.30க்குத் திருவண்ணாமலை பேருந்து நிலையம். அங்கிருந்து அடி அண்ணாமலைக்கு ஆட்டோ, 200 ரூபாய். பேரம் பேசித்தான், 250 கேட்டார்.

கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே, புங்கமரத் தோப்பில் இருபது தேன்பெட்டி வைத்திருக்கிறார் மலர். முப்பது வயதிருக்கும். முகத்தில் வலை கூடப் போடாமல் பெட்டியிலிருந்து தேனீ மொய்க்கும் ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். நான் நாலடி பின்னால் போனேன், அவருக்கு ஒன்றுமே இல்லை!

கரண்டியில் ஊற்றிக் கொடுத்தார். லேசான கசப்போடு தொண்டையில் இறங்கியது. அப்பா, என்ன ருசி!

"பூவுல இருக்கிற சத்தெல்லாம் இதுல வந்துடுங்க. பொதுவா கறுப்புத் தேன்ல ஜாஸ்தி, வெளுப்புல கம்மி. இருமலுக்கு நல்லா கேக்கும். கொதிக்கிற தண்ணில மட்டும் ஊத்திடாதீங்க, பாதி குணம் போயிடும்."

இத்தனை வருடமாகக் கொதிக்கக் கொதிக்கத்தான் குடித்து வந்திருக்கிறேன், மடையன். தேனில் இயற்கையாகவே கிருமியை அடக்கும் பொருள் ஊறுகிறது, அதனால்தான் புண்ணுக்கும் போடுகிறார்கள் என்றார். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு இதுவும் சர்க்கரைதான் என்பதையும் மறைக்கவில்லை. விற்பவர் வாயில் இப்படி ஒரு நேர்மையை நான் பார்த்ததில்லை.

கால் கிலோ 200 ரூபாய். இரண்டு பாட்டில் கேட்டேன், ஒன்று எனக்கு, ஒன்று குழந்தைக்கு.

மலர் கையை இழுத்துக்கொண்டார். "எத்தினி வயசுங்க?"

"மூணு மாசம்."

"குடுக்கமாட்டேங்க. ஒரு வயசு ஆவாத கொழந்தைக்குத் தேனே கூடாது. எவ்ளோ சுத்தமான தேன்லயும் கண்ணுக்குத் தெரியாத கிருமி விதை இருக்கலாம். நமக்கு ஒண்ணும் ஆவாது. பச்சப்புள்ள குடல்ல அது வளந்து விஷமாயிடும். கைகால் துவண்டு மூச்சே நின்னுடலாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம். எங்கள் வீட்டு வழக்கத்தைக் கேட்க இவர் யார் என்று வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் கவிதாவின் போன்.

"அண்ணா, எங்க இருக்கே? நல்ல நேரம் பத்தரையோட முடியுது. வீட்ல இருக்கிற தேனையே எங்க மாமனார் தொட்டு வெச்சிடறேன்னு சொல்றாரு."

மணி 9.50. "வேணாம் கவி! தேன் வைக்காதே!" என்று கத்தினேன்.

"உரிமை போவுதேனு கத்தறியா? ச்சீ, நல்ல நாளும் அதுவுமா!"

என் குணம் அவளுக்குத் தெரியாதா? நான் என்ன சொன்னாலும் நம்பப் போவதில்லை. போனை மலரிடம் கொடுத்தேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். 

நான் போனை வாங்கினேன். "கவி, எனக்கு உரிமையும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்க மாமனாரே வைக்கட்டும். தாய்ப்பாலைத் தொட்டு வைக்கச் சொல்லு. தேன் மட்டும் வேணாம்."

ஒரு பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டு ஆட்டோவைத் தேடி ஓடினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பௌர்ணமி அன்று போகாதீர்கள், ஆட்டோ உள்ளே வராது. தேன் உறைந்தால் கலப்படம் என்று எண்ண வேண்டாம். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் தேனை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒரு சொட்டுத் தேன்கூட வேண்டாம்.

வேங்கிக்கால் போய்ச் சேர்ந்தபோது 10.45. தேன் இல்லாமல், தாய்ப்பாலைத் தொட்டு வைத்து எல்லாம் முடிந்திருந்தது. மாமனார் எழுந்து வந்து குழந்தையை என் கையில் கொடுத்தார். வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு சீராக வருகிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.