மூடியைத் திறந்தா ஓடுது சார்

எமர்ஜென்சி முடிஞ்சு ஒரு வருஷம் இருக்கும். அப்ப நான் ஆம்பூர்ல ஒரு தோல்ஷாப்புல ஸ்டோர் கிளார்க். உப்பு, சுண்ணாம்பு, தோல் பதப்படுத்தற மரப்பட்டை, பெட்ரோல், எது உள்ள வந்தாலும் வெளிய போனாலும் என் கையெழுத்து இல்லாம அசையாது. வயசு இருபத்தாறு. சாவிக்கொத்து இடுப்புல தொங்கினா ஷாப்புக்கே நான்தான் முதலாளின்னு ஒரு நெனப்பு. இப்ப நெனைச்சா என் கன்னத்துல நானே ரெண்டு வெச்சுக்கணும் போல இருக்கு.

ஷாப்புல ஒரு ஜீப் இருந்துச்சு. மிலிட்டரில கழிச்சுப் போட்டத முதலாளி ஏலத்துல எடுத்தார். என்னைவிட அதுக்கு வயசு ஜாஸ்தி. கதவு கிடையாது, ஹார்ன் இஷ்டப்பட்டா அடிக்கும். ஆனா அமிர்திக்கு மேல மலை கிராமங்கள்ல இருந்து பட்டை இறக்கணும்னா, லாரி ஏறாத பாதையில நாலு சக்கரமும் இழுக்கற வண்டி அது ஒண்ணுதான். அத ஓட்டினவர் என்னைவிட பத்து, பன்னெண்டு வயசு பெரியவர். அவர் என்னை 'சார்'னுதான் கூப்பிடுவார். நான் அவரை 'யோவ் டிரைவர்'னு கூப்பிடுவேன். அதுல எனக்கு ஒரு கூச்சமும் இல்ல அப்ப.

அந்த ஜீப்புல பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கும். மூடியோட ரப்பர் வாஷர் இத்துப்போனதால மேட்டுல ஏறும்போது பெட்ரோல் தளும்பி வெளிய வரும். ஒருநாள் முதலாளியோட வெள்ளை ஜிப்பால பட்டுடுச்சு. எங்கிட்ட எகிறினார். எங்க ஊர்ல ஸ்டவ்வு, சைக்கிள் பம்பு, தண்ணி பம்பு எது ஒழுகினாலும் தோலை வெட்டி வெக்கறது வழக்கம். நானும் நல்ல கெட்டித் தோலா ஒரு துண்டு எடுத்து, மூடி அளவுக்கு முழு வட்டமா வெட்டி, என் கையால உள்ள வெச்சு அழுத்தினேன். அப்புறம் ஒரு சொட்டு வெளிய வரல. முதலாளி சபாஷ்னார்.

கொஞ்ச நாள்லயே வண்டி தொல்லை குடுக்க ஆரம்பிச்சுது. பத்து மைல் ஒழுங்கா ஓடும். அப்புறம் இருமும், திணறும், நின்னுடும். அரை மணி நேரம் சும்மா போட்டா மறுபடி ஓடும். பிளக் மாத்தினோம், கண்டென்சர் மாத்தினோம், கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினோம், பெட்ரோல் பம்புக்கு புது டயஃப்ரம் போட்டோம். ஒண்ணும் வேலைக்கு ஆகல. ஒவ்வொரு சாமான் எடுக்க வரும்போதும் நான் டிரைவரை வறுத்து எடுப்பேன். 'உனக்கு வண்டி ஓட்டத் தெரியல, பேஜார் பண்ற'ன்னு வாய்க்கு வந்தத சொல்வேன்.

ஒருநாள் அவர் ஸ்டோர் வாசல்ல நின்னு பொறுமையா சொன்னார். "சார், பெட்ரோல் இருக்கான்னு குச்சி விட்டுப் பாக்கறேன் இல்ல, அப்ப உடனே ஸ்டார்ட் ஆவுது. மூடியைத் திறந்தா ஓடுது சார்."

நான் சிரிச்சேன். சும்மா இல்ல, கூட இருந்தவங்களும் சேர்ந்து சிரிக்கற மாதிரி. வண்டிக்கு என்ன, மூச்சு முட்டுதான்னு கேட்டேன். அவர் வண்டிப் பக்கம் திரும்பிப் போய்ட்டார். அன்னிக்கு அந்த மனுஷன் சொன்னதுல பாதியாச்சும் காதுல வாங்கியிருந்தா, இத இன்னிக்கு எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அடுத்த வாரமே பட்டை ஏஜெண்ட் ஒருத்தர் வந்து, பேச்சோட பேச்சா ஒண்ணு சொன்னார். மலைப்பாதையில நம்ம டிரைவர் சீட்டைத் தூக்கி வெச்சுக்கிட்டு, டேங்க்ல குழாய் விட்டு வாயால உறிஞ்சிக்கிட்டு இருந்தாராம். எனக்கு அது போதுமா இருந்துச்சு. யாரையும் கேக்கல, எதையும் யோசிக்கல. சாயங்காலம் சங்கு ஊதி ஆளுங்க எல்லாம் கேட்டுக்கு வர்ற நேரம். அவரை அங்கயே நிறுத்தினேன்.

"திருட்டுப்பய! பெட்ரோலை உறிஞ்சி வித்துட்டு, வண்டி நின்னுபோச்சுன்னு கதை விடறியா?"

லைன்ல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாக்கத்தான் உறிஞ்சினேன்னு அவர் ரெண்டு தடவ சொன்னார். நான் விடல. நூறு பேருக்கு மேல நின்னு வேடிக்கை பாத்தாங்க. அவர் ஜீப் சாவியை எடுத்து என் கையில வெச்சுட்டு, டிஃபன் கேரியரைத் தூக்கிக்கிட்டு நடந்தார். முதலாளியும் போனது போகட்டும்னுட்டார்.

எங்க பக்கம் ஒரு ஷாப்புல தும்மினா அடுத்த ஷாப்புக்குக் கேக்கும். பெட்ரோல் திருடன்னு பேர் வாங்கினவர் கையில யார் சாவி குடுப்பாங்க? வாணியம்பாடி வரைக்கும் சுத்திப் பாத்துட்டு, கடைசில உப்புத்தோல் மூட்டை இறக்கற வேலைக்குப் போறார்னு கேள்விப்பட்டேன். நல்லா வேணும்னு நெனைச்சேன். ஆமா, அப்படித்தான் நெனைச்சேன்.

ஜீப் மூலையில கிடந்துச்சு. நாலு மாசம் கழிச்சு பட்டை கம்மி ஆனதும் முதலாளி என்னையே பிடிச்சார். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, புதுசா வந்த மெக்கானிக் பாயைக் கூட்டிக்கிட்டு நீயே போய்ட்டு வான்னார். எனக்கு ஓரளவு ஓட்டத் தெரியும். கிளம்பினோம். அமிர்தி தாண்டி ஏத்தத்துல, சரியா உச்சி வெயில்ல, வண்டி இருமிச்சு, திணறிச்சு, நின்னுச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல டயரை ஓங்கி உதைச்சேன். கால்தான் வலிச்சுது.

பாய் பிளக்கைக் கழட்டிப் பாத்தார். நெருப்பு நல்லா வருது. பம்பையும் பாத்தார், பெட்ரோல் வரல. டேங்க்ல இருக்கா பாருங்கன்னார். நான் சீட்டைத் தூக்கி மூடியைத் திருகினேன். உஸ்ஸ்னு காத்து உள்ள இழுத்துச்சு. பாய் அப்படியே நிமிர்ந்தார். மூடியை வாங்கித் திருப்பிப் பாத்தார்.

"எந்த அறிவுகெட்டவன் இதுல தோல் வெச்சான்?"

பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள்ள காத்து போகணும், அதுக்குத்தான் மூடில ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருக்கு, அத அடைச்சிட்டா பம்பு எதை இழுக்கும்னு திட்டிக்கிட்டே ஒரு ஆணியால தோல்ல குத்தினார். முன்னாடி ஓட்டினவன் கெட்டிக்காரன், மூடியைத் திறந்து திறந்து விட்டே ஓட்டியிருப்பான்னார்.  ஊர் திரும்பற வரைக்கும் வண்டி ஒரு தடவகூட நிக்கல. நின்னுத் தொலைஞ்சிருக்கலாம்னு இருந்துச்சு.

முதலாளிகிட்ட சொன்னேன். அவர் சிரிச்சார். விடுப்பா, இப்பப் போய் அதைக் கிளறினா ஆளுங்க முன்னாடி ஷாப்பு மானம்தான் போகும்னார்.  ஷாப்புக்கு மானம் இருக்கு, அந்த மனுஷனுக்கு இல்லையா? நெனைச்சேனே தவிர வாயைத் திறந்து கேக்க தைரியம் வரல. டிரைவர்கிட்ட கத்த மட்டும் எங்கிருந்து வந்துச்சு அந்த தைரியம்?

வெள்ளிக்கிழமை ஷாப்பு லீவு. டிரைவர் வீட்டைத் தேடிப் போனேன். உள்ள உக்கார வெச்சு டீ குடுத்தார். உப்பு தின்னு அவர் கை வெடிச்சுக் கிடந்துச்சு. நான் எல்லாத்தையும் சொல்லி, தப்பு என்னோடதுதான், மன்னிச்சிடுங்கன்னேன். அன்னிக்குத்தான் முதல் தடவையா அவரை 'நீங்க'ன்னு சொன்னேன். அவர் கோவப்படல. மெதுவா கேட்டார்.

"திருடன்னு கேட்டுல வெச்சு சொன்னீங்க. மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ள வந்து கேக்கறீங்களே சார்?"

 நாளைக்கு சங்கு ஊதற நேரத்துக்கு கேட்டுக்கு வாங்கன்னு கேட்டுக்கிட்டு எழுந்து வந்துட்டேன்.

மறுநாள் வந்தார். அதே இடத்துல நின்னார். ஆளுங்களை எல்லாம் நிறுத்தி, மூடிக்குள்ள தோல் வெச்சு அடைச்சது நான்தான், இவர் ஒரு சொட்டுகூட எடுக்கலன்னு சொன்னேன். முதல்ல குரலே எழும்பல. பின்னாடி இருந்தவங்க இன்னா, இன்னான்னு கேட்டாங்க, மறுபடி சத்தமா சொன்னேன். கூட்டத்துல ஒருத்தர், அப்ப ஏன்யா அன்னிக்கு அவ்ளோ கத்துனன்னு கேட்டார். தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.  டிரைவர் எல்லாரையும் ஒரு தடவ பாத்துட்டுப் போய்ட்டார்.

அந்த மாசமே வேற ஷாப்புல அவர் கையில லாரி சாவி குடுத்தாங்க. எங்க ஷாப்புக்குத் திரும்பி வரச் சொல்லி நான் ரெண்டு தடவ ஆள் அனுப்பினேன், அவர் வரல. முதலாளி எங்கிட்ட ரொம்ப நாள் முகம் குடுத்துப் பேசல, அதப்பத்தி எனக்குக் கவலையும் இல்ல. ஒரு மனுஷனைத் திருடன்னு சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல, அத வாபஸ் வாங்க நாலு மாசம் ஆச்சு, அதுவும் அவர் கேட்டதுக்கு அப்புறம்தான்னு நெனைச்சா, இன்னிக்கும் எனக்கு என்மேலதான் ஆத்திரம் ஆத்திரமா வருது.