போக்கிடம் இல்லாதவள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் சிஐடி அக்கா. படுக்கை விரிப்பு மடிக்கிற மேஜையைச் சுற்றி நாலு பெண்கள், நடுவில் ஒரு ஸ்பீக்கர். காலையில் மிஷின் சுற்ற ஆரம்பித்தால் ஸ்பீக்கரில் கொலையும் ஆரம்பித்துவிடும். போனில் தினமும் வரும் குற்றக்கதை நிகழ்ச்சி; எல்லாம் நிஜமாக நடந்தவை. சொல்கிறவனுக்குத் தேன் தடவின குரல். கழுத்தை நெரித்ததைக்கூடத் தாலாட்டு மாதிரி சொல்வான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாதிக் கதையில் நிறுத்திவிட்டு, யார் செய்தது, செத்தவள் எங்கே கோட்டை விட்டாள் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவள் ரத்தக்கறை விரிப்புகள் வரும் மூட்டையைப் பிரிக்க வேண்டும். அந்த நாற்றத்துக்குப் பயந்தே எல்லோருக்கும் மூளை பிரமாதமாக வேலை செய்தது. "மொத அடி விழுந்தப்பவே கிளம்பியிருக்கணும்டி" என்பாள் ஒருத்தி. செத்தவளுக்குப் புத்தி சொல்வதில் ஒரு சௌகரியம், அவள் எதிர்த்துப் பேசமாட்டாள். சொல்லி முடித்ததும், நமக்கெல்லாம் அப்படி நடக்காது என்று ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்புக்காகத்தான் மறுநாளும் கேட்டார்கள்.

சிஐடி அக்கா அந்த மூட்டையைத் தொட்டதே இல்லை. எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடுவாள். ஆனால் அவள் கேட்டது வேறொன்றுக்காக. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய தங்கையைத் தங்கை புருஷனே அடித்துக் கொன்றான். அதற்கு முந்தின நாள் தங்கை போன் பண்ணியிருந்தாள்.

"அக்கா, நான் அங்க வந்துடட்டுமா?"

"கொஞ்சம் பொறுத்துப் போடி. இங்க உங்க மாமா என்ன சொல்வாரோ."

மாமா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அந்த மனுஷன் வாயில்லாப் பூச்சி. இருக்கிற ரெண்டு அறையில் இன்னொருத்தியா என்று இவளுக்குத்தான் அலுப்பு. அன்றிலிருந்து இவள், யாரோ ஒரு அக்கா கதவைத் திறந்துவிட்டும் தங்கை செத்துப்போன கதை ஒன்றாவது கிடைக்காதா என்று தேடினாள். கிடைத்தால் ஒரு ராத்திரியாவது தூங்கலாம். சலவைக்கூடத்தில் இது யாருக்கும் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தங்கையின் கதையே வந்தது. பெயரை மாற்றியிருந்தான். ஆனால் பேக்கரி வேலை, இரண்டாம் மாடி, உடைந்த நாற்காலிக் கால், எல்லாம் அப்படியே. விரிப்பின் ஓரம் அவள் கையிலிருந்து நழுவியது. எதிர்முனையைப் பிடித்திருந்தவள் போன மாதம்தான் கல்யாணமானவள். "என்னக்கா, தூக்கமா?" என்று சிரித்தாள்.

இப்போது வரும், அக்காக்காரிக்குப் பண்ணின போன் இப்போது வரும் என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தேன்குரல் சொன்னது: "அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் என்று யாரும் இல்லை. போக்கிடமும் இல்லை. யாரிடமும் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் சகித்துக்கொண்டாள்."

வழக்கம்போல நிறுத்தினார்கள்.

"புருஷன்தான். இதுக்கு சிஐடி வேற வேணுமா?" என்றாள் மடிப்பு வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரியம்மா. "தப்பு இவ மேலயும் இருக்கு. யார்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கணும். வாயை மூடிக்கிட்டு இருந்தா யாருக்குத் தெரியும்?"

சிஐடி அக்கா பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பாள். கதையில் அவள் இல்லவே இல்லை; ஒன்பது வருஷமாகக் கேட்ட விடுதலை ஓசியில் கிடைத்துவிட்டது. ஆனால் பழி மொத்தமும் செத்தவள் தலையில் அல்லவா விழுகிறது. அது அவளுக்குத் தாங்கவில்லை.

"சொன்னா" என்றாள். "போன் பண்ணிச் சொன்னா."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"என் தங்கச்சிதான் அவ. எனக்குத்தான் பண்ணினா. வராதேன்னு நான்தான் சொன்னேன்."

எல்லோர் கையும் நின்றது. திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள், அவ்வளவு ஏங்கிப் போயிருந்தாள்.

புதுப்பெண் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முகமெல்லாம் ஆவல்.

"ஐயோ, நம்ம அக்கா வீட்லயா! முதல்லேர்ந்து சொல்லுங்கக்கா. அவன் பார்க்க எப்படி இருப்பான்?"