ரங்கத்தில் வார்த்தது

ஆக்சிலியாவின் ஆம்னி வேனில் மான் வந்து முட்டியது 2021ஆம் வருஷத்து செப்டம்பர் மழையில். அந்தமானில், ரங்கத்திலிருந்து மாயாபந்தர் போகிற டிரங்க் ரோட்டில், பில்லிகிரவுண்ட் தாண்டிய வளைவில், காட்டுக்குள்ளிருந்து பாய்ந்த புள்ளிமான் ஒன்று வேனின் இடது கன்னத்தில் மோதி விழுந்தது. எழுந்து உதறிக்கொண்டு எதிர்ப்பக்கக் காட்டுக்குள் போய்விட்டது. மானுக்கு ஒன்றுமில்லை. வேனுக்குத்தான் முகம் போயிற்று. ஹெட்லைட்டைச் சுற்றி அணைத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஃப்ரேம் சில்லுச் சில்லாகச் சிதற, விளக்கு பிதுங்கின கண்ணைப் போல வயரில் தொங்கியது.

அவள் வண்டியை ஓரங்கட்டி, கொட்டுகிற மழையில் குனிந்து குனிந்து தாரிலும் சேற்றிலும் கிடந்த சில்லுகளைப் பொறுக்கினாள். பதினேழு துண்டு. எதற்காகப் பொறுக்கினோம் என்று அப்போது அவளுக்கே தெரியாது. எதையும் போட்டுவிட்டு வருகிற பழக்கம் அவளுக்கில்லை, அவ்வளவுதான்.

அப்பா தாமஸ் திருச்செந்தூருக்குப் பக்கத்து அலந்தலையிலிருந்து மீன் பிடிக்க அந்தமானுக்கு வந்தவர். ஆக்சிலியா பிறந்து வளர்ந்தது ரங்கத்தில். கணவன் மார்ட்டின் டிரங்க் ரோட்டில் பஸ் ஓட்டினான். இவள் ஃபைபர் படகுகளின் ஓட்டை அடைத்தாள். பாறையில் இடித்து வயிறு கிழிந்த டிங்கிகளைக் கவிழ்த்துப் போட்டு, கண்ணாடி நாரும் பிசினுமாக ஒட்டித் தேய்த்துத் திரும்பக் கடலுக்கு அனுப்புவாள். அந்த நாரையும் பிசினையும் ஜெட்டி ஜெட்டியாகக் கொண்டு போகத்தான் வேன். வேன் இல்லையென்றால் வேலை இல்லை.

போர்ட் பிளேரில், அபெர்டீன் பஜாரில், ஹரிஹரன் என்பவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். சென்னைக்காரர். உடைந்த துண்டு ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆக்சிலியா பஸ் ஏறி அவரிடம் போனாள். அவர் துண்டைக் கையில்கூட வாங்கவில்லை.

“அது நஹீ மிலேகாம்மா, கிடைக்காது. கம்பெனி அந்த வண்டியையே நிறுத்திட்டான். மெயின்லேண்ட்லயே இல்ல, இங்க எங்கேருந்து வரும்? ஸ்கிராப்ல போட்டுட்டு வேற வண்டி பாருங்க.”

“இன்ஜின் நல்லா இருக்கு அண்ணாச்சி. ஒரு பிளாஸ்டிக் சட்டத்துக்காக வண்டியத் தூக்கிப் போடச் சொல்லுதீங்க.”

“எல்லாருக்கும் அதான் கதி.”

“எனக்கு இல்ல,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் வண்டிகளைத்தான் பார்த்தாள். பாராடாங் ஜெட்டியில் படகுக்காகக் காத்து நின்ற வரிசையில் மூன்று ஆம்னி, இரண்டு ஜிப்சி, ஒரு மாருதி எண்ணூறு. ஒன்றில் முன்கண்ணாடிக்குக் கீழே சல்லடை மாதிரி இருக்கவேண்டிய பிளாஸ்டிக் ஜாலி இல்லை. அட்டையை வைத்து டேப் ஒட்டியிருந்தார்கள். ஒன்றில் விளக்கைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வருஷத்தில் எட்டு மாதம் மழை பெய்கிற ஊர். இந்தச் சின்னச் சாமான்களெல்லாம் அழகுக்கு என்று நினைப்பவர்கள் மெயின்லேண்டில் இருக்கட்டும். இங்கே ஒரு ஜாலி உடைந்தால் அது வழியாகத் தண்ணீர் இறங்கும். உப்புக்காற்று கூடச் சேர்ந்து இரண்டே வருஷத்தில் கால் வைக்கிற தகடு ஓட்டையாகும்.

வீட்டுக்கு வந்ததும் பதினேழு துண்டையும் மேஜையில் பரப்பி ஒட்ட ஆரம்பித்தாள். மூலையில் ஒரு துண்டு கிடைக்கவில்லை. அந்த இடத்தைப் பட்டி வைத்து நிரப்பித் தேய்த்தாள். எவ்வளவு தேய்த்தும் மயிரிழைபோல ஒரு கோடு, ஏழு என்ற எண் சாய்ந்து படுத்தது மாதிரி, மறையவே இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதலில் தனக்குத் தெரிந்த ஃபைபரிலேயே செய்தாள். படகுக்குச் செய்தது போலத் தடியாக வந்தது. வேனில் மாட்டினால் கிளிப் மளுக்கென்று ஒடிந்தது. பிறகு போனில் தேடித் தேடிப் படித்து, சென்னையிலிருந்து கப்பலில் சிலிக்கான் ரப்பரும் இரண்டு புட்டிப் பிசினும் வரவழைத்தாள். ஒட்டிவைத்த ஃப்ரேமின் மேல் சிலிக்கானைத் தோசைமாவு பதத்தில் ஊற்றி இறுகவிட்டால் அச்சு கிடைக்கும். இரண்டு புட்டிப் பிசினையும் கலந்து அந்த அச்சுக்குள் ஊற்றவேண்டும். கலந்த பிறகு கையில் இருப்பது ஐந்து நிமிஷம். அதற்குள் ஊற்றாவிட்டால் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும்.

ரங்கத்துக் காற்றின் ஈரத்தில் பிசின் ஆப்பம் மாதிரிப் பொங்கியது. அச்சைத் திறந்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தது. பத்தும் அப்படியே, இருபதும் அப்படியே. “கோவில் பக்கம் எல்லாரும் கேக்காவ, உம் பொண்டாட்டி வண்டிக்கு மூஞ்சி செய்யுதாளாமேன்னு,” என்றான் மார்ட்டின்.

“செய்யுதாள்னு சொல்லுங்க,” என்றாள்.

கடைசியில் பழைய தகரப் பெட்டி ஒன்றுக்குள் இரண்டு குண்டு பல்பை எரியவிட்டு, புட்டிகளையும் அச்சையும் அதற்குள் வைத்துக் காயவைத்த பிறகு ஊற்றினாள். முப்பத்தோராவது ஃப்ரேம் குமிழி இல்லாமல், மூலையில் அந்தக் கோட்டோடு வந்தது. வேனில் வைத்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது.

முதலில் வந்து கேட்டவர் கோவிந்தராஜ். ரங்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளை மாயாபந்தருக்கு ஏற்றிப்போகிற ஆம்னி டாக்சிக்காரர். “எனக்கும் ஒண்ணு அக்கா. வலது பக்கம்.” வலது பக்கத்துக்கு அச்சு கிடையாது. இடதை வைத்துக்கொண்டு அட்டை வெட்டி, கண்ணாடியில் பார்ப்பது போல ஒவ்வொரு வளைவையும் திருப்பிச் செதுக்க ஒரு மாதமாயிற்று. அதன்பின் ஆட்கள் நிற்கவில்லை. எண்ணூறின் ஜாலி, ஜிப்சியின் கதவுக் கைப்பிடித் தட்டு, ஹட் பேயிலிருந்து கப்பலில் வந்த ஒரு பழைய கான்டெஸா காரின் பின்விளக்கு வளையம். படகு வேலையை விட்டாள். ரோட்டோரம் ஷெட் போட்டாள். ஒவ்வொரு அச்சின் பின்பக்கமும் தன் பெயரைத் திருப்பி வெட்டினாள். ஊற்றினால் ‘ஆக்சிலியா – ரங்கத்’ என்று எழும்பி நிற்கும்.

ஸ்கிராப்பில் போடச் சொன்ன ஹரிஹரனே ஒருநாள் போன் செய்தார். ஆம்னி ஃப்ரேம் நாற்பது ஜோடி வேண்டுமாம். அவள் பழையதைக் கிளறவில்லை. செய்து பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அப்புறம் இன்னொரு நாற்பது.

போன வருஷம் ஜூன் மாதம், மாயாபந்தர் பள்ளிக்கூட டீச்சர் உமா மகேஸ்வரி தன் ஆம்னியை ஷெட்டு வாசலில் நிறுத்தினார். கையில் உடைந்த ஃப்ரேம் ஒன்று. கூடவே அது வந்த அட்டைப்பெட்டி.

“போர்ட் பிளேர்ல வாங்கினேன். ஒரிஜினல்னு சொன்னாங்க. நாலு மாசம் தாங்கல, கிளிப்பு இருக்கற இடத்துல ஒடிஞ்சிருச்சு. உங்களுது நல்லா இருக்காம். அதான் வந்தேன்.”

பெட்டியில் கார் கம்பெனியின் பெயரும் முத்திரையும் அச்சடித்திருந்தது. ஆக்சிலியா ஃப்ரேமை வெளிச்சத்தில் சாய்த்தாள். மூலையில், படுத்த ஏழு மாதிரி, மயிரிழைக் கோடு. திருப்பினாள். அவள் பெயர் இருந்த இடத்தில் கிரைண்டர் ஓடியிருந்தது. பெயரை வழிக்கிற வேகத்தில் பாதிக் கனத்தையும் வழித்திருந்தார்கள். அங்கேதான் ஒடிந்திருந்தது.

“டீச்சர், இது நான் செஞ்சது,” என்றாள். டீச்சருக்குப் புது ஜோடி ஒன்றைத் தானே மாட்டிவிட்டு, உடைந்ததையும் பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஹரிஹரன் பெட்டியைப் பார்த்ததும் குரலைத் தணித்தார்.

“உள்ள வாங்க, பேசிக்கலாம்.”

“இங்கேயே பேசலாம் அண்ணாச்சி. எம் பேர ஏன் அழிச்சீங்க?”

“உங்க பேரு இருந்தா யாரும்மா வாங்குவா? ஜனத்துக்கு மெயின்லேண்ட் பொட்டின்னாதான் பரோசா, நம்பிக்கை. உங்களுக்கு வேலை நடக்குதுல்ல, அப்புறம் என்ன?”

“கம்பெனி நிறுத்திப்போட்ட சாமான நான் செய்யுதேன். அதுல எம் பேர வச்சுத்தான் செய்யுதேன். அத கம்பெனி பொட்டியில போட்டது நீங்க. நாளைக்கு டூப்ளிகேட்னு எவன் சொன்னாலும் அது என்னச் சொல்லுத மாதிரி ஆகும்.”

ஹரிஹரன் சிரித்தார். “ஆமா. விசாரிச்சு வந்தா, செஞ்சது யாருன்னுதான் கேப்பான். போலீஸ் என் கடைக்கு வருமா, உங்க ஷெட்டுக்கு வருமா? யோசிச்சுப் பேசுங்க.”

ஆக்சிலியா மேஜைமேல் அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றைத் திறந்து ஃப்ரேமை எடுத்தாள். நின்றவர்களில் பாதிப்பேர் வங்காளிகளும் தெலுங்குக்காரர்களும். அவர்களுக்காக இந்தியில், சத்தம் போடாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: “டிப்பா ஜூட்டா ஹை. மால் மேரா ஹை.” பெட்டி பொய், சாமான் என்னுடையது. கிரைண்டர் ஓடின பின்பக்கத்தை அவர்களுக்குக் காட்டிவிட்டு இரண்டு விரலால் அழுத்தினாள். பட்டென்று ஒடிந்தது. தன் பையிலிருந்து வழிக்காத ஃப்ரேம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தாள். அந்த மனிதர் முழங்காலில் வைத்து மடக்கிப் பார்த்தார். வளைந்தது, ஒடியவில்லை. அவள் இறங்கி வந்துவிட்டாள்.

அன்று ராத்திரி மார்ட்டின் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான். “நீ எதுக்குட்டி வம்புக்குப் போன? போலீஸ் வந்தா என்ன சொல்லுவ?”

“அவுக வர வரைக்கும் நான் ஏன் இருக்கணும்?”

ரங்கத் ஸ்டேஷனுக்கு அவளே போனாள். உடைந்த ஃப்ரேம், அட்டைப்பெட்டி, தன் அச்சு, டீச்சர் கைப்பட எழுதித் தந்த கடிதம் எல்லாவற்றையும் மேஜையில் வைத்தாள். எழுதிக்கொண்ட அதிகாரி, “இதெல்லாம் நீங்க செய்யலாமா?” என்று கேட்டார். “செய்யக்கூடாதுன்னு சட்டம் இருந்தா காட்டுங்க சார், படிக்கேன். என் சாமான்ல என் பேரு இருக்கு. அடுத்தவன் பேரு இல்ல,” என்றாள். ரசீது வாங்காமல் நாற்காலியை விட்டு எழவில்லை.

விசாரணைக்கு ஹரிஹரனைக் கூப்பிட்டார்கள், பெட்டிகளை எடுத்துப் போனார்கள் என்று கேள்வி. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அடி முதலில் விழுந்தது அவளுக்குத்தான். அவளுக்குப் பிசின் ஏற்றி அனுப்பிய ஏஜென்ட் ஹரிஹரனின் மச்சான். இரண்டு கப்பல் வந்தன, சரக்கு வரவில்லை. போர்ட் பிளேர்க் கடைகளும் பிசின் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. ஆறு வாரம் ஷெட்டில் ஊற்ற ஒரு சொட்டுப் பிசின் இல்லை.

அந்த ஆறு வாரமும் அவள் அச்சைத்தான் மாற்றிக்கொண்டிருந்தாள். பின்பக்கத்துப் பெயரை அடைத்துவிட்டு, முன்பக்கம், விளக்குக்குக் கீழே எல்லோரும் பார்க்கிற உதட்டில் வெட்டினாள். அங்கே கிரைண்டர் வைத்தால் ஃப்ரேமே போய்விடும்.

மார்ட்டின் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். “முன்னாலயா? எவன் வாங்குவான்?”

“பிடிக்காதவன் அட்டையக் கட்டிக்கிட்டு ஓட்டட்டும்.”

சென்னையில் வேறு ஆள் பிடித்து, பிசின் வந்து, மறுபடி ஊற்ற ஆரம்பித்தபோது உண்மையிலேயே பாதிப்பேர் வரவில்லை. கோவிந்தராஜே இழுத்தார். “என் வண்டி மூஞ்சியில உங்க பேரா அக்கா? பாக்கறவன் சிரிப்பான்.” அவள் ஃப்ரேமைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. சிரித்தார்களா என்று பிறகு அவள் கேட்கவுமில்லை. அடுத்த மாதம் அவர் சொல்லி டிக்லிபூரிலிருந்து மூன்று ஆம்னிக்காரர்கள் வந்தார்கள். பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்கினார்கள்.

இந்த வருஷம் பிப்ரவரியில், வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கிற முகாம் ரங்கத் மைதானத்தில் நடந்தது. ஆக்சிலியா பிசினைக் கலந்துகொண்டிருந்தபோது கோவிந்தராஜ் போன் செய்தார். “அக்கா, புது இன்ஸ்பெக்டர். பேரப் பாத்துட்டு என் வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லிட்டார்.” கிண்ணத்தை வைத்துவிட்டு, கைகூடக் கழுவாமல் வேனை எடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் வட இந்தியர், சின்ன வயசு. விளக்குக்குக் கீழே இருந்த எழுத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. “யே கௌன் சீ கம்பெனி ஹை?” இது எந்தக் கம்பெனி என்று கேட்டார்.

“மை ஹூம் கம்பெனி,” என்றாள் ஆக்சிலியா. கம்பெனி நான்தான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் இந்தியிலேயே தொடர்ந்தாள். “விளக்கு எரிகிறதா, வெளிச்சம் நேராக விழுகிறதா, ஃப்ரேம் ஆடுகிறதா, பாருங்கள். இதில் ஒன்று தப்பென்றாலும் நானே கழற்றி எடுத்துப் போகிறேன். இந்த இடத்தில் பெயர் இருக்கக்கூடாது என்றால் எந்த விதி என்று எழுதிக் கொடுங்கள்.”

அவர் விளக்கைப் போடச் சொன்னார். வெளிச்சத்தை அளந்தார். பிறகு ஃப்ரேமின் ஓரத்தில் விரலை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார். இரண்டாவது இழுப்பில் வண்டியே லேசாக ஆடியது, ஃப்ரேம் அசையவில்லை. காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, “ஜிப்சிக்கும் செய்வீர்களா?” என்று கேட்டார். அப்பாவிடம் ஒன்று இருக்கிறதாம், டேராடூனில்.

“செய்வேன். உடைந்த துண்டை அனுப்பச் சொல்லுங்கள். ஒரு சில்லுகூட விடாமல்.”

ஷெட்டுக்குத் திரும்பியபோது கிண்ணத்துப் பிசின் கல்லாக இறுகிக் கிடந்தது. கவிழ்த்துத் தட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, புட்டிகளைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி கலக்க ஆரம்பித்தாள்.