கமடோர் மாசானத்தின் கைராசி

காலிச் சாக்கை மடிப்பதற்கு முன் மாசானம் அதை மூன்று முறை உதறுவார். பிறகு வாயைப் பிரித்துத் தையலைப் பார்ப்பார். பிரிந்த சாக்கு இடப்பக்கம், பிரியாத சாக்கு வலப்பக்கம். நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு, விளிம்போடு விளிம்பு பொருந்த ஓர் அடுக்கு. அடுக்கி முடித்ததும் இரண்டடி பின்னால் போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். சாய்ந்திருந்தால் முழுவதையும் கலைத்து மறுபடி ஆரம்பிப்பார். வாரக் கடைசியில் பழைய சாக்கு வியாபாரி வந்து, அந்த அடுக்கைக் கைநிறைய வாரித் தட்டுவண்டியில் வீசும்போது மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

ராயபுரத்தில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருக்கிறது சிவனணைந்தான் ஸ்டோர். விசைப்படகுகள் பத்து, பதினைந்து நாள் கடலில் தங்கப் போகும்போது அரிசி, பருப்பு, புளி, எண்ணெய் எல்லாம் இங்கிருந்துதான் ஏறும். மாசானம் அதன் குடோனில் மூட்டை அடுக்குகிறார். வயது அறுபத்தொன்று. இந்தியக் கடற்படையில் கமடோராக இருந்து ஓய்வு பெற்றவர். கேப்டனுக்கு மேலே, அட்மிரல்களுக்குக் கீழே உள்ள பதவி அது. தெருவில் அவரைக் 'கமாண்டர்' என்பார்கள். அது இரண்டு படி இறக்கம். முதல் இரண்டு மாதம் திருத்திப் பார்த்தார். பிறகு அவர்களே அவரை 'அண்ணாச்சி' ஆக்கிவிட்டார்கள். மளிகைக் கடைக்குள் நிற்கிற எவருக்கும் வட சென்னை கொடுக்கிற ஒரே பதவி அதுதான்.

திருவொற்றியூர் வீட்டிலிருந்து கிளம்பி, கடை திறக்கக் கால் மணி முன்னதாகவே வந்துவிடுவார். ஷட்டருக்கு முதுகு காட்டி, கைகளைப் பின்னால் கட்டி நிற்பார். சாவி அவரிடம் கிடையாது. அது அண்ணன் மனைவி செல்லக்கனியின் இடுப்பில் இருக்கிறது. கடையில் வேலை பார்க்கும் இசக்கிப்பாண்டி வந்ததும் மாசானம்தான் முதலில் வணக்கம் சொல்வார். மாசானம் லெப்டினன்ட் கமாண்டரான வருஷம் கடையில் சேர்ந்தவர் இசக்கிப்பாண்டி. கடைக் கணக்குப்படி அவர் மூத்தவர், மாசானம் இளையவர். மூப்பு என்றால் மூப்புதான். ஆரம்பத்தில் இசக்கிப்பாண்டி கூசிப்போய், "எனக்குப் போயி வணக்கம் சொல்லுதியளே அண்ணாச்சி" என்று நெளிந்தார். இப்போது வணக்கம் வரத் தாமதமானால் தொண்டையைச் செருமுகிறார்.

பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனவர் மாசானம். கடற்படையில் அவர் பிரிவு கடலடி அளவை. எங்கே ஆழம், எங்கே மணல், எங்கே பாறை, எங்கே மூழ்கிய கப்பல் என்று அளந்து வரைபடத்தில் குறிப்பது வேலை. இரண்டு அளவைக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கினார். அவர் இருந்தவரை இரண்டுமே தரை தட்டியதில்லை. அந்தமானில் ஒரு நீரிணையை அவர் அளந்த பிறகுதான் பெரிய கப்பல்கள் நம்பிக்கையாக அதற்குள் நுழைந்தன. மார்பில் குத்திய பதக்கங்கள் ஒரு வரிசைக்கு மேல் போயின.

உடன்குடியிலிருந்து வந்து இந்தக் கடையை வைத்த அப்பா சிவனணைந்த பெருமாள், மகனின் உத்தியோகத்தை யாராவது விசாரித்தால், "பெரியவன் கடையில நிக்கான், சின்னவன் கப்பல்ல நிக்கான்" என்பார். இரண்டையும் ஒரே எடைக்கல்லால் நிறுத்துவார். கமடோர் ஆன செய்தியைச் சொல்ல மாசானம் வெள்ளைச் சீருடையோடு நேரே கடைக்கு வந்தார். அப்பா கல்லாவிலிருந்து ஏறிட்டுப் பார்த்தார்.

"வெயில்ல நிக்காத, உள்ள வா. அந்த மஞ்சள் மூட்டையக் கொஞ்சம் ஓரமாத் தள்ளிட்டு உக்காரு."

தள்ளினார். சீருடையின் இடது தோளில் ஏறிய மஞ்சள் எந்த வண்ணானுக்கும் போகவில்லை. கிளம்பும்போது அப்பா இன்னொன்றும் சொன்னார்: "எவ்வளவு பெரிய ஆளானாலும் சரிதான். கடையில நிக்காதவன் கையில சாவி கிடையாது, பாத்துக்க."

அதனால்தான் ஓய்வு பெற்றதும், எண்ணூர்ப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனி ஆலோசகர் நாற்காலியோடு கூப்பிட்டபோது போகவில்லை. அண்ணன் சுயம்புவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்திருந்த நேரம் அது. "நான் கடையில நிக்கேன்" என்று வந்து சேர்ந்தார். பங்கை எழுதித் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டார். அவருக்கு வேண்டியது கல்லாவுக்குப் பின்னால் உள்ள முக்காலி. அதில் உட்காருகிறவரிடம் சாவி இருக்கும். "கடற்படைக்காவது ஞாயித்துக்கிழமை லீவு இருந்துச்சு" என்று மனைவி ராமசெல்வி சொல்லிப் பார்த்தார். மாசானம் ஞாயிற்றுக்கிழமையும் போனார்.

கடற்படையில் மேலே போக வழி தெளிவானது. வருஷா வருஷம் மேலதிகாரி எழுதுகிற அந்தரங்க அறிக்கை, பரீட்சை, தேர்வுக் குழு. சிவனணைந்தான் ஸ்டோரில் வழி வேறு. அதற்குப் பெயர் கைராசி. கோடையில் இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து ஜூன் பதினான்காம் தேதி நள்ளிரவில் படகுகள் கடலில் இறங்கும். அன்று காலை கடையில் விழுகிற முதல் போணிதான் அந்த வருஷத்துப் போணி. அது எந்தக் கையிலிருந்து போகிறதோ, அந்தக் கைக்கே அந்த வருஷம் கல்லா. அப்பாவின் கை அப்படிப்பட்டது. பிறகு சுயம்புவின் கை. அது விழுந்த பிறகு செல்லக்கனியின் கையை ஒரு வருஷம் சோதித்துப் பார்த்து, காசிமேடு ஏற்றுக்கொண்டது.

போன வருஷம் அந்தக் காலையில் செல்லக்கனி சுயம்புவுக்கு மாத்திரை கொடுக்கக் கடைக்குப் பின்னால் உள்ள வீட்டுக்குள் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து 'அம்மு' என்ற விசைப்படகின் சொந்தக்காரி குப்பம்மா வந்து கையை நீட்டினார். பேத்தியின் பெயரைப் படகுக்கு வைத்தவர். முதல் போணியை எப்போதும் அவரே வாங்குவார். கல்லாவை ஒட்டி நின்றிருந்த மாசானம், இப்படியொரு தருணத்துக்கு முப்பத்தெட்டு வருஷம் பயிற்சி எடுத்தவர்போல, சட்டென்று இயங்கினார். படகுச் சாமான்களை அவர் எடை வாரியாக அடுக்கி வைத்திருந்தார். அந்த அடுக்கில் கைக்கு முதலில் வந்தது கல் உப்புப் பொட்டலம். எடுத்துக் குப்பம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

மங்கலமாக மஞ்சளைக் கொடுத்துத் தொடங்க வேண்டும். உப்பைக் கையில் கொடுக்கவே கூடாது; கீழே வைத்தால் வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். இது வங்காள விரிகுடாவின் எந்த வரைபடத்திலும் இல்லை.

"இன்னா அண்ணாச்சி, உப்ப கைல குட்த்துட்ட?" என்றார் குப்பம்மா. வாங்கியதைத் திருப்பித் தருவதும் ஆகாது. முகம் சுண்ட மடியில் போட்டுக்கொண்டு போனார்.

உள்ளேயிருந்து வந்த செல்லக்கனி கேட்டார்: "உப்பக் கையிலயா குடுத்திய?"

ஆனாலும் போணி போணிதான். மாசானம் மூன்று நாள் முக்காலியில் உட்கார்ந்தார். சாவியைப் பேண்ட்டின் இடுப்பு வாரில் கோத்திருந்தார். மூன்றாம் நாள் மாலை 'அம்மு' திரும்பி வந்தது. வலை கடலடியில் எதிலோ மாட்டிக் கந்தலாகியிருந்தது. இருட்டுவதற்குள் துறைமுகம் தீர்ப்பு எழுதிவிட்டது: "அந்தாளு கை ஆவாது." சாவி செல்லக்கனியின் இடுப்புக்குத் திரும்பியது.

படகின் டிரைவர் சொன்ன இடத்தைக் கேட்டதும் மாசானத்துக்கு விளங்கிவிட்டது. அங்கே மூழ்கிக் கிடப்பது ஒரு பழைய சரக்குத் தோணி. இளம் அதிகாரியாக இருந்தபோது அதைக் கண்டுபிடித்து வரைபடத்தில் குறித்தவரே அவர்தான். மதினியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"குறிச்சது நீங்கதானா?" என்றார் செல்லக்கனி. "அப்பமே தூக்கி அங்கிட்டுப் போட்டிருக்கலாம்லா தம்பி?"

அதற்கு மேல் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வருஷம் குடோன். யாரிடமும் முறையிடவில்லை. தண்டனை பெற்ற அதிகாரி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மூட்டைகளுக்கு நடுவே ஒருவர் போய்வரப் பாதை விட்டு அடுக்கினார். எலி வரும் ஓட்டைகளைச் சிமெண்டு பூசி அடைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, கற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமை எதைக் கடன் தரக் கூடாது, விளக்கு வைத்த பிறகு எதை விற்கக் கூடாது, ஊசி கேட்டு வந்தால் என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்பதை எல்லாம் இசக்கிப்பாண்டியிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார். "பரிட்சையா எழுதப் போறிய?" என்று இசக்கிப்பாண்டி சிரித்தார். மாசானம் சிரிக்கவில்லை. வீட்டில் மனைவி கேட்டால்கூட உப்பு ஜாடியைக் கீழே வைத்துவிட்டு விலகி நின்றார்.

இந்த வருஷம் ஜூன் பதினான்கு விடிந்தது. தெரு முழுக்க மீன்பாடி வண்டிகள். ஷட்டர் ஏறும்போதே குப்பம்மா முதல் ஆளாகப் படியில் நின்றார். பின்னால் பட்டம்மாள், அவருக்குப் பின்னால் மற்ற படகுக்காரிகள். செல்லக்கனி மஞ்சள் கிழங்கை எடுத்துத் தட்டில் வைத்துத் தயாராக இருந்தார்.

"இன்னா கனியக்கா, அவரு எங்க?"

"எவரு?"

"அதான், கப்பக்காரரு. சாக்கு மடிச்சிகினு இருப்பாரே."

"குடோன்ல நிக்காவ. நீங்க மஞ்சளப் பிடிங்க."

"மஞ்ச கெடக்கட்டும். அவர வர சொல்லு. போன வருசம் மாரி உப்ப அவரு கையால குடுக்கட்டும்."

செல்லக்கனிக்குப் புரியவில்லை. குப்பம்மா படியிலேயே விளக்கினார். "போன வருசம் எங்க தம்பி கோதண்டத்தோட போட்டு இன்னா ஆச்சி, சொல்லு? எல்லை தாண்டி வந்துட்டீங்கன்னு ஆந்திராக்காரன் புட்ச்சி வெச்சிகினான். மூணு போட்டு. மழ வர்ற வரைக்கும் அங்கயே கெடந்துச்சி. நம்ம போட்டும் அதுங்க கூட போவ வேண்டிதுதான். வலை மாட்டி நடுவுலயே திரும்பிச்சி, பொழச்சிது. வலை பூட்ச்சி, சரி. போட்டு கீதுல்ல? எனக்கே இப்பதான் உறைச்சிது."

"எனக்கும் உப்புதான்க்கா. கையால," என்றார் பின்னாலிருந்து பட்டம்மாள்.

கூப்பிட்ட குரலுக்கு மாசானம் வந்து நின்றார். சட்டையின் கையில் சணல் நார் ஒட்டியிருந்தது. செய்தியைக் கேட்டதும் அவர் முகத்தில் தெரிந்தது மகிழ்ச்சி இல்லை, பதற்றம்.

"அது தப்பும்மா. உப்பைக் கையில குடுக்கக் கூடாது. முதல்ல மஞ்சள். உப்பைக் கீழதான் வைக்கணும்."

"அத்த நீ எனக்கு சொல்றியா? போன வருசம் எங்க நைனா போய் இருந்துச்சி இந்த அறிவு?"

தெரு சிரித்தது. மாசானம் உப்புப் பொட்டலத்தை எடுத்தார். கற்றபடியே பலகையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. குப்பம்மா பொட்டலத்தைத் தொடவில்லை. உள்ளங்கையை விரித்தபடி நின்றார். போணி போட்டால் முக்காலி. ஆனால் ஒரு வருஷம் பாடுபட்டுக் கற்றதை, எல்லோரும் பார்த்திருக்க, தவறென்று தெரிந்தே மீற வேண்டும். இந்த முறையும் வலை கிழிந்தால் குடோனுக்குள்ளும் இடமிருக்காது. அவர் மதினியைப் பார்த்தார்.

செல்லக்கனி முக்காலியிலிருந்து எழுந்தார். இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்துப் பலகையில், உப்புக்குப் பக்கத்தில் வைத்தார். "தேதி கிழிக்கல பாருங்க" என்று யாருக்கோ சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினார். காலண்டரில் தாளைக் கிழித்தார். கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, அதில் அச்சாகியிருந்ததை நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார்.

மாசானம் குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்தார். உப்பை எடுத்துக் குப்பம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். குப்பம்மா இழுத்தார். வரவில்லை. "வுடு அண்ணாச்சி" என்று இரண்டாம் முறை இழுத்த பிறகுதான் பொட்டலம் அவர் கையை விட்டு வந்தது.