ராட்டினத்துக்கு வேண்டிய உயரம்

சிங்கப்பூரில் வருஷம் முழுக்க நடக்கிற ஒரு திருவிழா இருக்கிறது, அதற்குச் சாமி கிடையாது என்று அப்பா எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது, சுதந்திரம் வந்த மறு வருஷம். அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகிற பாதையில் எங்கள் ஊர். கடலையும் வரகும் விளைகிற காடு கொஞ்சம், நாலு ஆடு, நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், என் தங்கை.

"சாமி இல்லாம என்னடி திருவிழா? அப்ப தேர்ல யார வெச்சு இழுப்பாங்க?" என்றாள் அம்மா.

தேர் இல்லை, ராட்டினம் இருக்கிறது என்று படித்தேன். தென்னை உயரத்துக்கு ஒரு ராட்டினம், சுற்றிச் சுற்றி வருகிற மரக்குதிரை, இருட்டுக்குள்ளே ஓடி ஆளைப் பயமுறுத்துகிற பேய் வண்டி. உள்ளே போக டிக்கெட் வாங்க வேண்டுமாம்.

"காசு குடுத்துப் பயப்படுவாங்களா? நல்ல கூத்துதான் போ. இங்க வந்தா நான் சும்மாவே காட்டுவேனே" என்றாள். அவள் கேலி பேசி நான் கேட்டது அந்த ஒரு வருஷம்தான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்பா கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலைக்காகச் சிங்கப்பூர் போனபோது எனக்கு ஐந்து வயது. தங்கை அம்மா வயிற்றில் இருந்தாள். போன மறு வருஷம் ஜப்பான்காரன் அங்கே வந்துவிட்டான், கடிதம் நின்றுபோனது. நாலு வருஷம் ஒரு வரி இல்லை. அப்பாவின் பங்காளிகள் எல்லாம் கூடி வந்து, இனியும் தாலியோடு இருப்பது நல்லதில்லை, நடக்க வேண்டியதை நடத்திவிடலாம் என்றார்கள். அம்மா முறத்தில் வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"பொணத்தக் கொண்டாந்து காட்டுங்க, கழட்டுறேன்" என்றாள். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

யுத்தம் முடிந்து, அப்பா உயிரோடு இருக்கிறார் என்று கடிதம் வந்தபோது தெருவே அழுதது. அம்மா அழவில்லை. நானும் அழவில்லை. என்ன கல்நெஞ்சு இதுகளுக்கு என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். சொன்னால் சொல்லட்டும். நாலு வருஷம் ஒரே இடத்தில் அடி வாங்கினால் அந்த இடம் மரத்துத்தான் போகும். சந்தோஷம் வந்து தொட்டாலும் தெரியாது. இது அவளுக்கு எங்கே புரியப்போகிறது?

இரண்டு வருஷம் வருகிறேன் வருகிறேன் என்று எழுதிக்கொண்டிருந்தார் அப்பா. பிறகுதான் நீங்கள் வாருங்கள் என்று மாற்றி எழுதினார். கப்பலில் வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம், பிள்ளைகளுக்கு அந்தச் சாமியில்லாத் திருவிழா நடக்கிற பார்க்கைக் காட்ட வேண்டும் என்றார். கடிதத்துக்குக் கடிதம் அந்தப் பார்க்தான். ராட்டினம் மேலே போனதும் கீழே பார்க்கக் கூடாது, எதிரே தெரிகிற விளக்கைப் பார்த்தால் வயிறு கலங்காது. குதிரையில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பேய் வண்டியில் அழுதால் வெளியே வந்ததும் ஐஸ் தூள் போட்ட சிவப்புத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தால் போதும், அழுகை நின்றுவிடும். எத்தனை விவரம் தெரிந்து வைத்திருக்கிறார் என்று எனக்குப் பெருமை. தனியாக இருக்கிற ஆம்பிளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவின் தம்பி பெரம்பலூரில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் ஊரில் யாருக்கும் பாஸ்போர்ட் என்றால் என்னவென்று தெரியாது, மாமாவுக்குத் தெரியும். பாரங்களைக் கொண்டு வந்தார். அம்மாவின் கட்டை விரலை மையில் தொட்டு வைத்தார். அரியலூர் ரயிலடிப் பக்கத்துப் போட்டோக்காரரிடம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று பேரும் ஒரே படம். "சிரிக்காதீங்கம்மா, ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றார் போட்டோக்காரர். அம்மா சிரிக்கவே இல்லை. அவள் முகமே அப்படித்தான் என்று அவருக்கு யார் சொல்வது?

அம்மை குத்திக்கொண்டோம். தங்கைக்குக் கை வீங்கி மூன்று நாள் காய்ச்சல். ஆடுகளைச் செந்துறையிலிருக்கும் அம்மாவின் பெரியம்மா மகள் வீட்டில் விடுவதென்று முடிவாயிற்று. கடலை பிடுங்கியதும் கிளம்பலாம், அரியலூரில் ரயில் ஏறித் திருச்சி போய், அங்கிருந்து நாகப்பட்டினம், அப்புறம் கப்பல். மாமா விரல் விட்டுச் சொல்லச் சொல்ல அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எல்லாம் சொல்லி முடித்ததும், "சரி, அங்க ஆத்துல குளிக்கிறதா, கெணத்துலயா?" என்று கேட்டாள்.

ஒரு கடிதத்தோடு ஒரு நூல் வந்தது. வெள்ளை நூல், நான்காக மடித்து வைத்திருந்தார். பெரிய ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள், அதில் போட்ட கோட்டுக்குக் கீழே இருக்கிற பிள்ளையை ஏற்ற மாட்டார்கள், அந்த உயரத்தை நூலில் அளந்து மேலே முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறேன், சின்னவளுக்கு உயரம் போதுமா பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தார். பெற்ற பெண்ணை அவர் பார்த்ததே இல்லை. எவ்வளவு உயரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வாசல் நிலைக்கட்டையில் தங்கையை நிறுத்தி நூலைப் பிடித்தோம். நாலு விரல்கடை குறைந்தது. அவள் போட்ட ஒப்பாரியில் அக்கம்பக்கமெல்லாம் வந்துவிட்டது. அன்றிலிருந்து புளிய மரத்துக் கிளையைப் பிடித்துத் தொங்குவதும், முருங்கைக் கீரையை அள்ளி அள்ளித் தின்பதும், காலையில் எழுந்ததும் நிலைக்கட்டையில் போய் நிற்பதும்தான் அவள் வேலை. "அக்கா, அளந்து பாருக்கா. நேத்திக்கு இன்னைக்கு வளந்துருக்கேன்." பல் தேய்க்கும் முன்னே இந்தத் தொல்லை. "வளந்துருக்க, வாய்தான்" என்பேன்.

நூலில் இரண்டு முடிச்சு இருந்தது. மேலே ஒன்று, அதற்கு வெகு கீழே ஒன்று. கீழே இருந்ததைத் தப்பாகப் போட்ட முடிச்சு என்று நினைத்துக்கொண்டோம். அது கொஞ்சம் பழுப்பாக இருந்தது, கப்பல் அழுக்கு என்று விட்டுவிட்டோம்.

கடலை பிடுங்குகிற சமயம். ஒரு நாள் மத்தியானம் தங்கையின் நச்சரிப்பு தாங்காமல் அம்மாவே நூலை எடுத்தாள். இவள் இப்போது இருக்கிற உயரத்தில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால் கிளம்புகிற வரைக்கும் கம்மென்று இருப்பாள் என்று நினைத்திருப்பாள். முடிச்சுப் போட்டாள். போட்டதும் அடுப்படிக்குப் போய் மஞ்சளைத் தொட்டு வந்து முடிச்சின் மேல் வைத்தாள்.

இது அப்பா வீட்டுப் பழக்கம். நூலால் அளந்தால் பிள்ளையின் வளர்த்தி நின்றுவிடும் என்று அவர்களுக்கு ஒரு பயம். சட்டைக்கோ அரைஞாணுக்கோ எதற்கு அளந்தாலும் முடிச்சில் மஞ்சள் வைத்துவிடுவார்கள். அம்மாவுக்கே கல்யாணமாகி வந்த பிறகுதான் தெரியும். சுற்றுவட்டாரத்தில் வேறு யார் வீட்டிலும் இதை நான் பார்த்ததில்லை.

அம்மா நூலைக் கீழே வைக்கவில்லை. தன் முடிச்சைப் பார்த்தாள். கீழ் முடிச்சைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். பிறகு உச்சி முடிச்சைப் பார்த்தாள், அது வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மேல இருக்கறது பலகையோட உசரம்" என்றாள். "பலகைக்கு மஞ்சள் வெக்கல. சரிதான். பலகை வளரவா போவுது."

எனக்குப் புரியவில்லை. "கீழ இருக்கறது?" என்றேன்.

"அது புள்ள." நூலைத் தரையில் நீட்டிக் கையால் ஜாண் போட்டாள். "மூணு வயசு இருக்கும். மிஞ்சிப் போனா நாலு."

அவ்வளவுதான் சொன்னாள். அங்கே பெற்ற தன் பிள்ளை எத்தனை விரல் குறைகிறது என்று அப்பா பலகைக்கு எதிரில் நிறுத்தி அளந்திருக்கிறார். அளந்ததும் கை பழக்கத்தில் மஞ்சளைத் தொட்டு வைத்திருக்கிறார். அதே நூலை எங்களுக்கு அனுப்பிவிட்டார். கடல் தாண்டிப் போயும் பிள்ளை வளர்த்தி நின்றுவிடக் கூடாதே என்கிற அந்தப் பாசம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. வேறு நூலா கிடைக்கவில்லை அந்த மனுஷனுக்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது. அம்மா எழுந்து காட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். இருட்டும் வரை கடலை பிடுங்கினோம். மண்ணில் கை கிழிந்து ரத்தம் வந்ததை வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஊரில் யாருக்கும் அம்மா சொல்லவில்லை. தங்கைக்கும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மாமா பாஸ்போர்ட்டோடு வந்தார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள், பாஸ்போர்ட்டை வாங்கித் தன் படத்தைப் பார்த்தாள். "நல்லாத்தான் புடிச்சிருக்கான்" என்றாள். மாமா போனதும் என்னைக் கூப்பிட்டுக் கடிதம் எழுதச் சொன்னாள்.

நலம், நலமறிய ஆவல். கடலை பிடுங்கியாகிவிட்டது. பாஸ்போர்ட் வந்துவிட்டது. எந்தக் கப்பல் என்று எழுதவும். அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர்?

"அவ்வளவுதானா?" என்றேன்.

"வேற என்ன?"

"திட்டி எழுதும்மா. நாலு வருஷம் நீ பட்டத எழுது. பங்காளிங்க வந்து கேட்டத எழுது."

"திட்டுனா ஆச்சா? பேரக் கேக்குறேன். இல்லன்னு சாதிச்சாருன்னா அந்தாளு மூஞ்சில முழிக்க மாட்டேன். உண்மையச் சொல்லிட்டாருன்னா, சண்டக்காலம், ஒத்த ஆளு, என்னமோ நடந்து போச்சு. போவோம். மூணு புள்ளையையும் கூட்டிட்டு ராட்டினத்துல ஏத்துவோம்."

மூன்று பிள்ளை என்றாள். யோசிக்காமல் வாயில் வந்தது. எனக்கு அப்போதுதான் அவள் மேல் கோபம் வந்தது. இவ்வளவு சுலபமாகவா? ஆனால் கடிதத்தை மடித்துக் கொடுத்தபோது அவள் அதை வாங்கி, மடித்ததையே பிரித்துப் பிரித்து மறுபடி மடித்தாள். சுலபமில்லை என்று தெரிந்ததும் நான் உறையை எடுத்து விலாசம் எழுதினேன்.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் என்ன செய்தோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சாப்பிட்டோம், தூங்கினோம், ஆட்டைச் செந்துறையில் கொண்டுபோய் விட்டோம். அம்மா முறுக்குக்கு அரிசி ஊறப்போட்டாள், சுட்டாள், தகர டின்னில் அடைத்து வைத்தாள். வழியில் தின்ன ஒரு டின், அங்கே கொடுக்க ஒரு டின். அங்கே யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

தபால்காரர் வந்த அன்று மாமாவும் இருந்தார். நாகப்பட்டினம் போய்க் கப்பல் டிக்கெட் எடுக்கத் தயாராக வந்திருந்தார். அம்மா அவரைத் தெருவில் நிற்கச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

அப்பா எதையும் மறைக்கவில்லை. அந்த நூலில் மஞ்சள் வைத்த கையால்தான் இதை எழுதுகிறேன் என்று தொடங்கியிருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் பசியும் சாவுமாக இருந்தது, இனி உங்கள் முகத்தைப் பார்க்கவே போவதில்லை என்று நிச்சயம் செய்துகொண்டேன், நம் பக்கத்துப் பெண் ஒருத்தி ஆதரவில்லாமல் நின்றாள், பெண் குழந்தை பிறந்தது, நாலு வயதாகிறது என்று எழுதியிருந்தார். மன்னிக்கச் சொல்லவில்லை, நீ வந்தால் உன் காலில் விழுகிறேன் என்று இருந்தது. தை மாதக் கப்பலில் மூன்று பேரும் வாருங்கள் என்று இருந்தது. நான் ஒரே மாதிரிக் குரலில் படித்துக்கொண்டே வந்தேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதைப் பார்த்தேன். போகப் போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசி வரியில் பெயர் இருந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

"என்ன பேரு?" என்றாள் அம்மா.

நான் என் பெயரைச் சொன்னேன்.

"ஒன்னக் கேக்கல புள்ள. அந்தப் புள்ளைக்கு என்ன பேருன்னு கேட்டேன்."

மறுபடியும் என் பெயரையே சொன்னேன். அது அப்பாவைப் பெற்றவளின் பெயர். அவர் வீட்டில் அதை முதல் பெண்ணுக்குத்தான் வைப்பார்கள், அவள் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்திக்கு வைப்பதில்லை.

அம்மா கடிதத்தை வாங்கினாள். எங்கே இருக்கிறது என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். படிக்கத் தெரியாதவள் அந்த எழுத்துகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைத் திறந்து, "டிக்கெட் எடுக்க வேணாம்டா தம்பி, நீ ஊருக்குப் போ" என்று மாமாவிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சாகிற வரைக்கும் பெரியவளே என்றுதான் கூப்பிட்டாள்.